சென்னைக்கு வெளியே முதல் மனை: முன்பணம் கொடுப்பதற்கு முன்



சென்னை நகருக்குள் அரை கிரவுண்டு வாங்குவதுகூட இன்று நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத காரியம். அதனால் வளைகுடாவிலிருந்து பிள்ளை அனுப்பியது, கடையில் மிச்சம் பிடித்தது, நகை விற்றது என்று பத்து லட்சமோ இருபது லட்சமோ கையில் சேர்ந்ததும், பலரும் கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம், திருவள்ளூர் பக்கம் மனை தேடிப் போகிறார்கள். வட்டிக்குப் பணம் போடாமல் சேமிப்பைக் காக்க நினைக்கும் குடும்பத்துக்கு மனை ஒரு ஹலாலான வழிதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேனில் அழைத்துப் போய், மதியச் சாப்பாடும் போட்டு, "இன்றைக்கே டோக்கன் போட்டால்தான் இந்த விலை" என்று சொல்லும்போது நம்மவர்கள் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பத்திரத்தைப் பார்ப்பது பிறகுதான். இந்த வரிசையை மாற்ற வேண்டும். மனையில் பணம் தப்புவதும் போவதும் முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய பத்துப் பதினைந்து நாட்களில் முடிவாகிவிடுகிறது. அந்த நாட்களில் என்ன பார்க்க வேண்டும் என்பதைக் கீழே தருகிறோம்.

எந்தப் பணத்தைப் போடலாம்?

ஐந்து ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தை மட்டும். மகள் நிகாஹ், மருத்துவம், ஹஜ் பயணம் இவற்றுக்கு வைத்த பணத்தை மனையில் முடக்கக் கூடாது. அவசரத்துக்கு விற்பவருக்கு நல்ல விலை கிடைக்காது.

ஒரு கணக்கு பார்ப்போம். உதாரணத்துக்கு, சதுர அடி 1,500 ரூபாய் வீதம் 1,200 சதுர அடி மனை: 18 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,62,000 ரூபாய். வக்கீல், அளவை, கல்வேலிக்கு 40,000 என்று வைத்தால் அடக்கம் 20,02,000. சில ஆண்டு கழித்து 22 லட்சத்துக்கு விற்று, தரகுக்கு 2 சதவீதம் கொடுத்தால் கையில் நிற்பது 21,56,000. "நாலு லட்சம் லாபம்" என்று வெளியில் தெரிவது உண்மையில் ஒன்றரை லட்சம்தான். அதற்கும் மூலதன ஆதாய வரி உண்டு. ஆகவே ஓரிரு ஆண்டில் லாபம் என்று நினைத்து இறங்க வேண்டாம்.

2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ஆனால் மனைவி பெயரில் பதிந்தால் அது மனைவியின் சொத்து. அதற்குச் சம்மதித்தே பதியுங்கள்.

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்பது அங்கீகாரம் அல்ல

மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தருவது சென்னைப் பெருநகரப் பகுதியில் சிஎம்டிஏ, மற்ற இடங்களில் டிடிசிபி. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்திட்ட வரைபடத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்வதற்குப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடை விதிக்கிறது. 2016 அக்டோபர் 20க்கு முன் மனையாகப் பதிவானவற்றுக்காக 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. பழைய மனையை மறுவிற்பனையில் வாங்கினால் அந்த வரன்முறை ஆணையைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தத் தடையைத் தாண்ட சிலர் "பண்ணை நிலம்" என்ற பெயரில் விவசாய நிலத்தைச் சென்ட் கணக்கில் விற்கிறார்கள். பத்திரம் பதிவாகிவிடலாம், வீடு கட்ட அனுமதி கேட்கும்போதுதான் சிக்கல் தெரியும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. சென்ட் விலையைச் சதுர அடிக்கு மாற்றிப் பார்க்காமல் "மலிவு" என்று சொல்லாதீர்கள்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு என்றால் ரெரா பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க நிறுவனத்துக்கு உரிமையில்லை. அதற்கு மேல் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நான்கு காகிதங்கள்

முதலாவது, மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை தொடர்ச்சியான பத்திரங்கள். நகல் போதாது. அசலைக் கண்ணால் பார்க்க வேண்டும். அசல் எங்காவது அடமானத்தில் இருக்கலாம்.

இரண்டாவது, வில்லங்கச் சான்று. குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

மூன்றாவது, பட்டாவும் அ பதிவேடும். விற்பவர் பெயரில் பட்டா இருக்கிறதா, நிலத்தின் வகைப்பாடு என்ன என்று இவை சொல்லும். ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால், புறம்போக்கு என்று இருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

நான்காவது, புலப்படம். அதைக் கையில் வைத்துக்கொண்டு சர்வேயரை அழைத்து அளந்து, மூலைக் கற்களைச் சரிபார்க்க வேண்டும்.

இவற்றை உங்கள் சொந்தச் செலவில் ஒரு வக்கீலிடம் காட்டிக் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். விற்பவரே ஏற்பாடு செய்த வக்கீல் உங்களுக்காகப் பேச மாட்டார். விற்பவர் பொது அதிகாரப் பத்திரத்தின் பேரில் விற்றால், எழுதிக்கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா, பத்திரம் ரத்தாகவில்லையா என்று பாருங்கள். அவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும்.

வில்லங்கச் சான்றில் தெரியாதவை

முஸ்லிம் குடும்பத்திடமிருந்து வாங்கும்போது இந்தப் பகுதியைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

தந்தை இறந்ததும் சொத்து மனைவி, மகன், மகள், உயிருடன் இருந்தால் பெற்றோர் என எல்லா வாரிசுகளுக்கும் பங்காகிவிடுகிறது. மகன்கள் மட்டும் கையெழுத்திட்டு விற்றால் சகோதரிகளின் பங்கு உங்களுக்கு வராது. "தங்கச்சிக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்துவிட்டோம்" என்ற பேச்சு சட்டத்திலும் நிற்காது, ஷரீஅத்திலும் நிற்காது. ஆண் பிள்ளை இல்லாதவர் இறந்திருந்தால் அவருடைய சகோதரர்களுக்கும் பங்கு வரலாம். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றில் அவர்கள் பெயர் இல்லாமல் போகலாம். குடும்ப விவரத்தை ஜமாஅத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாரிசுகளில் 18 வயது ஆகாத பிள்ளை இருந்தால், முஸ்லிம் தனியார் சட்டப்படி தாய் அந்தப் பிள்ளையின் சொத்துக்குச் சட்டக் காப்பாளர் அல்ல. தாயின் கையெழுத்தை மட்டும் நம்பி யதீமின் பங்கை வாங்கக் கூடாது. நீதிமன்ற அனுமதி வேண்டும். இது சட்டச் சிக்கல் மட்டுமல்ல, நாளை மறுமையின் கேள்வியும்கூட.

ஹிபா வாய்மொழியாகவும் செல்லும். பதிவு கட்டாயம் இல்லை. அதனால் தந்தை உயிருடன் இருந்தபோது ஒரு மகளுக்குக் கொடுத்து ஒப்படைத்த இடம் வில்லங்கச் சான்றில் வராமலே இருக்கும். இடம் யார் கையில் இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். அதுபோல் வக்ஃப் நிலமா என்பதை வக்ஃப் வாரியப் பதிவிலும், அந்த ஊர்ப் பள்ளிவாசல் முத்தவல்லியிடமும் விசாரியுங்கள்.

தண்ணீரும் வாக்குறுதியும்

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். கோடையில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ஒருமுறை போய்ப் பாருங்கள். பக்கத்துத் தேநீர்க் கடையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். நிலத்தடி நீர் உப்பா, கோடையிலும் கிடைக்குமா என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

"ஏர்போர்ட் வருகிறது, மெட்ரோ வருகிறது" என்பதற்குத் தனி விலை கொடுக்காதீர்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அது கண்ணுக்குத் தெரியும் வசதி. பரந்தூர் விமான நிலையம் 2022இல் அறிவிக்கப்பட்டது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, தம் சர்வே எண் நிலம் கையகப்படுத்தும் எல்லைக்குள் வருகிறதா என்பதுதான்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வீட்டு மனையும் வீடும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே "பண்ணை நிலம்" விளம்பரங்கள் அவர்களுக்கு அறவே ஆகாது. ஊரில் இருக்கும் சகோதரருக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பினால், இந்த ஒரு மனையை வாங்குவதற்கு மட்டும் என்று எழுதுங்கள். பணம் வங்கி வழியாகவே போகட்டும். மனை விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டமும் இடம் தருவதில்லை.

வட்டி இல்லாமல், கூட்டாக

விலையை முதலிலேயே உறுதி செய்து தவணையில் கட்டும் முறை உண்டு. ஆனால் ஒப்பந்தத்தில் "தாமதத்துக்கு வட்டி" என்ற வரி ஒளிந்திருக்கும். படித்துப் பார்த்து, கையெழுத்துக்கு முன் ஆலிமிடம் காட்டுங்கள். "பணம் போடுங்கள், மாதாமாதம் நிச்சய லாபம், ஈடாக மனை" என்று வருபவர் மனை விற்கவில்லை, உங்களிடம் கடன் கேட்கிறார். விலகி இருங்கள்.

தனியாக முடியாவிட்டால் அண்ணன் தம்பி, மச்சான் சேர்ந்து வாங்கலாம். அப்போது எல்லோர் பெயரும் அவரவர் பங்கும் பத்திரத்தில் வர வேண்டும். நம்பிக்கையின் பேரில் ஒருவர் பெயரில் மட்டும் பதிந்தால், அவர் மவ்த்தானதும் இடம் அவருடைய வாரிசுகளுக்குப் போய்விடும். மற்றவர்கள் கையில் ஆதாரம் இருக்காது. எப்போது விற்பது, நடுவில் ஒருவர் விலகினால் என்ன விலை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைக்கச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனமே குர்ஆனின் மிக நீளமான வசனம். சொந்தங்களுக்குள் எழுதிக்கொள்வது சந்தேகம் அல்ல, உறவைக் காப்பது.

ஜகாத்

குடியிருக்கும் வீட்டுக்கும், வீடு கட்ட வாங்கிய மனைக்கும் ஜகாத் இல்லை. விற்று லாபம் பார்க்கும் நிய்யத்தோடு வாங்கிய மனை வியாபாரச் சரக்கைப் போன்றது. ஆண்டுதோறும் அன்றைய சந்தை விலையில் இரண்டரை சதவீதம் கணக்கிட வேண்டும். மனை 20 லட்சம் என்றால் 50,000 ரூபாய். மேலே போட்ட லாபக் கணக்கில் இதையும் சேர்த்துப் பாருங்கள். நிய்யத் இன்னும் உறுதியாகாதவர்கள் தங்கள் இமாமிடம் விளக்கம் பெறட்டும்.

வரிசை இதுதான்

1. ஐந்து ஆண்டு தேவைப்படாத பணம் எவ்வளவு என்று குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதுங்கள்.
2. சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அங்கீகாரம், ரெரா எண் சரிபாருங்கள்.
3. வில்லங்கம், பட்டா, அ பதிவேடு, புலப்படம் பாருங்கள்.
4. வாரிசு, ஹிபா, வக்ஃப் விசாரியுங்கள்.
5. மழைக்குப் பின் இடத்தைப் பாருங்கள், அளந்து பாருங்கள்.
6. வக்கீல் கருத்து கைக்கு வந்த பிறகே முன்பணம். அதுவும் வங்கி வழியாக.
7. பதிவு முடிந்ததும் பட்டா உங்கள் பெயருக்கு மாறியதா என்று பாருங்கள். கல்வேலி போட்டு, ஆண்டுக்கு இருமுறையாவது நேரில் போய் வாருங்கள்.

இதற்குள் அந்த மனையை வேறொருவர் வாங்கிவிட்டால் வருத்தப்பட வேண்டாம். நமக்கு எழுதப்பட்ட ரிஸ்க் நம்மை வந்து சேரும். அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.