ஊசி போடாத நர்சு! கிருமிக்குக் கணக்கு எழுதினார்

பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒரு நர்சு இருப்பார். ஊசி போடமாட்டார். மாத்திரை தரமாட்டார். கையில் நோட்டோடு வார்டு வார்டாகச் சுற்றுவார். "கை கழுவியாச்சா சார்?" என்று டாக்டரையே கேட்பார்!

இவர்தான் தொற்றுத் தடுப்பு நர்சு. இந்த வேலைக்கு உலகிலேயே முதன்முதலாக வந்தவர் என்று சொல்லப்படுகிறவர், இங்கிலாந்தைச் சேர்ந்த மிஸ் இ.எம்.காட்ரெல்.

டார்க்கி என்ற கடலோர ஊரில் உள்ள டார்பே ஆஸ்பத்திரியில் 1959-ம் ஆண்டு இவர் நியமிக்கப்பட்டார். அதற்கு முன்பு ஆபரேசன் தியேட்டரில் மேற்பார்வை நர்சு. பதவியின் பெயர் "தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டர்". (அங்கே சிஸ்டர் என்றால் தலைமை நர்சு.)

மூக்கில் குடியிருக்கும் எமன்

அப்படி என்ன அவசரம்?

"ஸ்டெபைலோகாக்கஸ்" என்று ஒரு கிருமி. புண்ணில் சீழ் வைப்பது இதன் வேலை. முதலில் பெனிசிலின் போட்டால் செத்தது. 1950-களில் பெனிசிலினுக்கும் மசியாத ரகம் பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் பரவிவிட்டது. ஆபரேசன் நல்லபடியாக முடிந்தவருக்குப் புண் ஆறாமல் சீழ் பிடித்தது. பிரசவ வார்டில் பச்சைக் குழந்தைகளையும் தாக்கியது. டார்பேயில் நோயாளிகளோடு ஊழியர்களுக்கும் தொற்றியது.

இது குடியிருக்கும் இடம் எது தெரியுமா? மூக்கு! ஏறக்குறைய 3 பேரில் ஒருவர் மூக்கில் இருக்கும். அவருக்கு ஒன்றும் செய்யாது. மூக்கைத் தொட்ட கையோடு கட்டுப் போட்டால், போச்சு!

சாக்கடையில் துப்பறிந்த டாக்டர்

நர்சைப் போடும் யோசனைக்குப் பின்னால் இருந்தவர், எக்சிடர் நகரப் பரிசோதனைச்சாலை டாக்டர் பிரெண்டன் மூர். லேசுப்பட்ட ஆள் இல்லை. 1940-களில் சாக்கடைக்குள் துணிச் சுருளைத் தொங்கவிட்டு, அதில் ஒட்டிய கிருமியை வைத்தே பாராடைபாய்டு பரப்பியவரைத் தேடிப் போனவர்!

ஒரு வார்டில் சீழ் பிடித்தால் சேதி அந்த வார்டோடு நின்றுவிடும். பக்கத்து வார்டிலும் அதே கதை என்பது யாருக்கும் தெரியாது. எல்லா வார்டுக் கணக்கையும் ஒரே நோட்டில் சேர்த்தால்தான் கிருமி நடந்து போன பாதை தெரியும். மூன்றாவது ஆள் படுக்கும் முன்பே உஷாராகலாம். அந்த நோட்டுதான் காட்ரெலின் ஆயுதம்.

1962-ல் இதுபற்றி "லான்செட்" மருத்துவப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. மறு ஆண்டே அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆஸ்பத்திரியும் ஒரு நர்சை நியமித்தது.

"நோட்டு எழுத ஒரு நர்சா? தண்டச் சம்பளம்!" என்று சிலருக்குத் தோன்றலாம். அமெரிக்காவில் 338 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 1985-ல் முடிவை வெளியிட்டார்கள். 250 படுக்கைக்கு ஒரு தடுப்பு நர்சு வைத்து, கணக்கெடுத்து, ஒழுங்காகத் தடுப்பு வேலை செய்தால், ஆஸ்பத்திரியில் தொற்றும் நோய்களில் 32 சதவீதத்தைத் தடுக்கலாம். இப்படி ஏற்பாடு இல்லாத இடங்களில் 1970 முதல் 1976-க்குள் தொற்று 18 சதவீதம் கூடியிருந்தது.

250 படுக்கைக்குக் குறைந்தது ஒருவர் என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. 100 படுக்கைக்கு ஒருவர் வேண்டும் என்பது நிபுணர்கள் கருத்து.