விதை யார் தருவது?

பெட்டிக்குள் நடப்பவை – 17

தேர்தல் வந்தால் கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குலுக்கல் நடக்கும். எந்த வாக்குப்பதிவு இயந்திரம் எந்தச் சட்டமன்றத் தொகுதிக்கு என்று முதல் சுற்றில் கணினி பிரிக்கும். எந்த வாக்குச்சாவடிக்கு என்பது இரண்டாம் சுற்றில். எல்லாம் கட்சிக்காரர்கள் முன்னிலையில். பட்டியலும் அவர்கள் கைக்குப் போய்விடும். கல்வராயன் மலையேறி வெள்ளிமலைக்குப் போகப்போகும் இயந்திரம் எது என்று முன்கூட்டியே யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்குத்தான் இத்தனை ஏற்பாடு.

சொன்னதை மட்டுமே செய்யத் தெரிந்த கணினி எப்படிக் குலுக்கும்? ‘விதை’ என்று ஓர் எண்ணை வாங்கிக்கொண்டு, கணக்குப் போட்டு, தாறுமாறாகத் தெரியும் எண்களை வரிசையாகத் தள்ளும். அவ்வளவுதான். அதே விதையைத் திரும்பக் கொடுத்தால் அதே வரிசை வரும். விதை தெரிந்தவருக்கு வரிசை முழுவதும் தெரியும்.

பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூரில் குடவோலைத் தேர்தல் விதிகளைக் கல்வெட்டாக வெட்டியவர்கள் இந்தச் சிக்கலை நன்றாகவே அறிந்திருந்தார்கள். குடத்தை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது தெரியாத சிறுவன்தான் ஓலை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் ஏற்க வேண்டும். மறைத்து வைத்த ஓலை உள்ளே நுழைய வழியே இல்லை.

கணினியில் அந்தக் காவல் தவறினால் என்ன ஆகும் என்பதை டெபியன் லினக்ஸ் காட்டியது. 2006-இல், ரகசியச் சாவிகளை உருவாக்கும் அதன் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில் செய்த சிறு மாற்றத்தால், விதையில் மாறக்கூடியதாக மிஞ்சியது, ஓடும் நிரலுக்குக் கணினி தரும் புரோசஸ் எண் மட்டும்தான். அது அதிகபட்சம் 32,768. அதனால் ஒரே வகைக் கணினியில், ஒரே அளவில் பிறக்கக்கூடிய ரகசியச் சாவிகளும் ஏறக்குறைய அத்தனைதான். சாதாரண மடிக்கணினியே எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடும். 2008 மே மாதம்தான் இது வெளியே வந்தது.

நல்ல விதைக்கு வெளியிலிருந்து ஏதாவது வர வேண்டும். விசை தட்டும் இடைவெளி, மவுஸ் அசைவு, வட்டு சுழலும் நேரத்தில் வரும் நுண்ணிய ஏற்ற இறக்கம் போன்றவற்றைத் திரட்டித்தான் லினக்ஸ் 1994 முதல் விதை செய்துவந்தது. இன்றைய சர்வர்களில் பெரும்பாலானவை மெய்நிகர் இயந்திரங்கள்: ஒரே இரும்புப் பெட்டிக்குள் பல கணினிகள். அவற்றுக்கு விசைப்பலகை கிடையாது, மவுஸ் கிடையாது, வட்டுகூட வெறும் கோப்புதான். ஆனால் பிறந்த சில நொடிகளிலேயே சாவி தயாரிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் காத்திருப்பவரின் செல்போனுக்கு ஓடிபி அனுப்ப வேண்டும்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஓடும் மெய்நிகர் இயந்திரத்தை அப்படியே ஸ்னாப்ஷாட் எடுத்து, அதிலிருந்து இரண்டை எழுப்பினால், இரண்டின் நினைவகத்திலும் ஒரே விதை. இப்படி மீட்டெடுத்த இயந்திரம் பழைய எண்களையே திரும்ப உமிழ்ந்து ரகசியச் சாவியைக் காட்டிக்கொடுக்கக்கூடும் என்று ரிஸ்டன்பார்ட், யிலெக் இருவரும் 2010-இல் நிரூபித்தார்கள்.

சரி, விதையை எங்கே வாங்குவது? ப்ராசசரிலேயே ‘ஆர்டிராண்ட்’ கட்டளை இருக்கிறது; இன்டெல் 2012 முதல் தருகிறது. வேகமானது, ஆனால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. 2019-இல் புதிதாக வந்த ஏஎம்டி ரைசன் 3000 ப்ராசசர்கள் சிலவற்றில், எத்தனை முறை கேட்டாலும் ஒரே எண்ணைக் கொடுத்தது. பயாஸை மாற்றித்தான் சரிசெய்தார்கள். நெட்வொர்க் வழியே வேறொரு சர்வரிடம் விதை கேட்கலாம் என்றால், அதைப் பாதுகாப்பாக வாங்கவே முதலில் ஒரு ரகசியச் சாவி வேண்டும்.

நடைமுறையில் கைகொடுப்பது ‘விர்ட்ஐஓ-ஆர்என்ஜி’. இரும்புப் பெட்டியை ஆளும் ஹோஸ்ட், தான் சேர்த்துவைத்த விதையிலிருந்து தன் ‘விருந்தாளி’களான மெய்நிகர் இயந்திரங்களுக்குக் கொடுக்கும் வழி இது. லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம் வைத்திருப்பவர்கள் அமைப்பில் ஒரு சாதனத்தைச் சேர்த்தால் போதும். கூடவே ஆர்டிராண்டும் இருக்கட்டும். லினக்ஸ் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கும். ஒன்று சொதப்பினாலும் இன்னொன்று காப்பாற்றும். நகலெடுக்கும் மூலப் பிம்பத்தில் எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் சேமித்த விதைக் கோப்பையும் முதலில் அழித்துவிடுங்கள். 2022-இல் வந்த லினக்ஸ் 5.18 முதல், மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் ஹைப்பர்வைசர் ‘நீ நகல்’ என்று சொன்னால் கர்னலே புது விதை கலந்துகொள்கிறது.

‘ஹோஸ்ட் கொடுக்கும் விதையை நம்பலாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. விருந்தாளியின் நினைவகம் முழுவதையும் ஹோஸ்ட் படிக்க முடியும். திருட நினைத்தால் அதற்கு விதை எதற்கு, செய்து முடித்த சாவியையே எடுத்துக்கொள்ளலாமே! ஆகவே சர்வரை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும்போதே பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. நம்பி வைத்த இடத்தில் விதை வாங்கத் தயங்குவதில் லாபம் ஒன்றுமில்லை.

ஹோஸ்டே படிக்க முடியாதபடி நினைவகத்தைப் பூட்டும் ப்ராசசர்களும் இப்போது வந்துவிட்டன. அங்கே இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)