செவ்வரத்தம்பூவில் ஓர் இரசாயனப் பாடம்

இரசாயனச் செயற்றிட்டம் என்றதும் ஆய்வுகூடம் இல்லையே என்று ஏங்கும் மாணவர் பலர். முற்றத்துச் செவ்வரத்தையே அவர்களுக்குப் போதும் என்போம் நாம்.

பத்துப் பூக்களின் இதழ்களை ஒரு கோப்பை வெந்நீரில் 15 நிமிடம் ஊறவிட்டு வடித்தெடுங்கள். அச்சாற்றை 4 கிண்ணங்களில் சமமாக ஊற்றுங்கள். முதலாவதில் தேசிக்காய்ப் புளி சில துளி விட்டால் செந்நிறம் மிகும். இரண்டாவதில் அப்பச்சோடாக் கரைசலை விட்டால் பச்சை படரும். இதழ்களிலுள்ள அந்தோசயனின் என்னும் நிறப்பொருள் அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் வேறு நிறமும் காட்டுவதே காரணம். றொபேட் பொயில் என்ற அறிஞர் வயலற் மலர்ப் பாகிலே இத்தகைய மாற்றத்தைக் கண்டு 1664 ஆம் ஆண்டில் நூலில் எழுதினார்.

மூன்றாவது கிண்ணத்தை ஒப்பிடுவதற்காக அப்படியே வையுங்கள். நான்காவதிலேதான் உங்கள் ஆராய்ச்சி தொடங்குகிறது. சவர்க்கார நீரோ, பழப்புளிக் கரைசலோ, தேநீரோ, ஒன்றைத் தெரிந்து, என்ன நிறம் வருமென முதலில் எழுதிவைத்த பின்னரே சோதியுங்கள். மலகூடம் கழுவும் அமிலத்தை மட்டும் தொடவேண்டாம்.

எழுதியதும் கண்டதும் மாறுபட்டால் எழுதியதை அழிக்காதீர்கள். கண்ணாற் கண்டதை மறைத்து, புத்தகத்திலுள்ள விடையைப் பிரதிசெய்பவன் புள்ளி பெறலாம், விஞ்ஞானம் பெறமாட்டான். பெற்றோரும் அழகிய அட்டையைப் பார்க்குமுன் அந்தக் குறிப்பேட்டைப் பார்ப்பார்களாக.