சமையல் மேடையும் சிமென்ட் சிக்கனமும்

தரையில் குந்தியமர்ந்து சமைக்கும் வழக்கம் நம் நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் பல வீடுகளில் காணப்படுகிறது. முழங்காலும் முதுகும் நோவதோடு, தவழும் குழந்தையின் கைக்கெட்டும் தொலைவில் நெருப்பு இருப்பதும் இதன் தீமையாகும். 2016-இல் தொடங்கப்பட்ட பிரதமர் ஊரக வீட்டுவசதித் திட்டம், வீட்டின் குறைந்தபட்சப் பரப்பை 20 சதுர மீட்டரிலிருந்து 25 சதுர மீட்டராக உயர்த்தி, தூய்மையான சமையலிடத்தையும் அதனுள் அடக்கியது. அவ்விடத்தில் கருங்கல் பலகை பதிக்க வசதியற்ற குடும்பம், கான்கிரீட் மேடையைத் தானே அமைத்துக்கொள்ள இயலும். இதன் வெற்றி, செலவிடும் பணத்தைவிட நீரை அளந்து பயன்படுத்துவதையே பெரிதும் சார்ந்துள்ளது.

பொருள்களும் அளவும்

1.2 மீட்டர் நீளமும் 60 செ.மீ. அகலமும் 7.5 செ.மீ. கனமும் உள்ள பாளத்திற்கு அரை மூட்டை, அதாவது 25 கிலோ சிமென்ட் போதுமானது. ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஒன்றரைப் பங்கு மணலும், 12 மி.மீ. ஜல்லி மூன்று பங்கும் சேர்க்க வேண்டும். இரு முனைகளிலும் செங்கற் சுவர் எழுப்பி, இடையே பலகை அடைத்து முட்டுக் கொடுத்தல் வேண்டும். மேடையின் மேற்பரப்பு, நின்று சமைப்பவரின் முழங்கைக்குச் சற்றுத் தாழ்வாக, ஏறத்தாழ 80 செ.மீ. உயரத்தில் அமைதல் நலம்.

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. பாரம் ஏறும்போது பாளத்தின் அடிப்புறமே இழுபடுகிறது. ஆதலால், 15 செ.மீ. இடைவெளியில் இரு திசைகளிலும் கட்டிய 8 மி.மீ. கம்பிகள், அடிப்பலகைக்கு 2 செ.மீ. மேலே நிற்குமாறு சிறு காரைக்கட்டைகளை வைக்க வேண்டும்.

நீரின் இருவேறு பணிகள்

மேற்கூறிய கலவைக்குச் சுமார் 12 லிட்டர் நீர் போதுமானது. மணல் ஈரமாயின் இன்னும் குறைக்க வேண்டும். கலவை எளிதில் பரவுவதற்காக மேலும் ஒரு வாளி நீரை ஊற்றுவதே நாம் பரவலாகக் காணும் தவறு. சிமென்ட்டுடன் வேதியியல் முறையில் இணையும் நீர், அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கே. மிகுதி நீர் உலர்ந்து வெளியேறும்போது நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. வலுக் குறைவதும், எண்ணெயும் மஞ்சளும் ஊறிக் கறைபடிவதும் இத்துளைகளாலேயே.

இறுகிய பின்னரோ நிலைமை முற்றிலும் மாறுகிறது. அப்போது நீர் மிகுதியாகத் தேவை. ஈரச் சாக்கினால் மூடி நீராற்றுதலைச் சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாளும், எரிசாம்பல் கலந்த சிமென்ட்டுக்கு 10 நாளும் செய்ய வேண்டுமென ஐ.எஸ். 456 தர விதி கூறுகிறது. அதுவரை முட்டுகளை அகற்றாதிருப்பதே பாதுகாப்பு.

மெருகேற்றுதல்

மேலே கசியும் நீர் மறைந்த பிறகே இரும்புக் கரணையால் தேய்க்க வேண்டும். அந்நீரை உறிஞ்ச உலர்ந்த சிமென்ட்டைத் தூவினால், மேற்பரப்பில் வலுவற்ற ஏடு படிந்து பின்னர் உதிரும். நான்கு வாரங்கள் கழிந்தபின், நீர் விட்டுச் சாணைக்கல்லால் தேய்த்து, உலரவிட்டு மெழுகு பூசலாம். உலர்நிலையில் தேய்த்தால் எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஈரச் சிமென்ட் தோலைப் புண்ணாக்குமாதலால் கையுறையும் தேவை. புளி, எலுமிச்சை, தயிர் ஆகியவற்றின் அமிலம் சிமென்ட்டை அரிக்கும். சிந்தியவுடன் துடைத்துவிடுதல் நன்று.

கவனத்திற்குரியது

கொத்தனார் கூலி பெற்றுச் சென்றுவிடுகிறார். அடுத்து வரும் பத்து நாள்களும் சாக்கை நனைப்பவர் அவ்வீட்டுப் பெண்மணியே. சில ஊர்களில் அந்நீரையும் அவரே தொலைவிலிருந்து சுமந்து வருகிறார். அவ்வுழைப்பு எந்த மதிப்பீட்டிலும் இடம்பெறுவதில்லை. அது எதற்காக என்பதையும் எவரும் அவருக்கு விளக்குவதில்லை. காரணம் அறியாதவர் மூன்றாம் நாளே நிறுத்திவிட்டால் குறை அவருடையதன்று. கட்டுமானத்தைப் பார்வையிடச் செல்லும் அலுவலர், கம்பியையும் கலவையையும் சோதிப்பதோடு, இந்தப் பத்து நாள் கணக்கை அவரிடம் நேரில் எடுத்துரைத்தல் வேண்டும். அரை மூட்டை சிமென்ட் பல்லாண்டுகள் பயன் தருவதும் சில ஆண்டுகளில் பொடிந்துபோவதும் அந்தச் சில நிமிட உரையாடலைப் பொறுத்து அமையலாம்.