ஒழுங்கையை மேடாக்கலாமா?

வார விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வருபவர்கள் நல்லூர், கீரிமலை, கசூரினாக் கடற்கரை என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அடுத்த முறை வரும்போது, பிரதான வீதியை விட்டு ஏதாவதொரு கிராமத்து ஒழுங்கைக்குள் இறங்கி அரைமணி நேரம் நடந்து பாருங்கள்.

இறங்கித்தான் நடக்க வேண்டும். பழைய ஒழுங்கைகள் பல, இருபுறத்து வளவுகளையும்விடத் தாழ்ந்தே கிடக்கின்றன. மாட்டுவண்டிச் சில்லும் மாரி வெள்ளமும் தலைமுறை தலைமுறையாய் அரித்த தடம் அது. கரையோரம் கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்கள். அவற்றோடு சேர்த்துக் கட்டிய பனையோலை வேலி. குழை ஆட்டுக்குத் தீனியாகும்; பழைய ஓலை தோட்டத்துக்குப் பசளையாகும். வேலியிலுள்ள சிறு பொட்டுக்குள்ளால்தான் அயல்வீட்டுப் பெண்களின் சுகதுக்கமும் கறிவேப்பிலையும் கைமாறும்.

இந்த ஒழுங்கைகள் உருவானதில் பெண்களுக்கும் பங்குண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, தாயின் சீதனம் பெண்மக்களுக்குச் செல்லும் வழக்கத்தைப் பதிவுசெய்தது. பெண்பிள்ளைகளுக்கு வளவைப் பிரித்துக் கொடுக்கும்போது பின்பக்கக் காணிக்கும் பாதை விட வேண்டுமல்லவா? காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கோடு 'வழிவாய்க்கால்' உரிமையும் எழுதப்படுவது இதனாலேயே. ஆளுக்கு வழி, நீருக்கு வாய்க்கால். எம் முன்னோர் இரண்டையும் ஒரே சொல்லில் சேர்த்து வைத்தார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. வழுக்கியாறுகூட மாரியில் மட்டுமே ஓடுகிறது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையே எமது பெரும் சேமிப்பு. அந்த வெள்ளம் ஒழுங்கை வழியே குளத்துக்கும் தாழ்ந்த வயலுக்கும் போய், சுண்ணாம்புக் கற்பாறையினூடாக ஊறிக் கிணற்றுக்கு வந்து சேர்கிறது.

இன்று ஓலை வேலி இருந்த இடங்களில் மதில் எழுகிறது. ஒழுங்கைக்கு மண் நிரப்பிக் கொங்கிறீற்றும் இடுகிறார்கள். மழைக்காலத்தில் சேறில்லாமல் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது நல்லதே. நோயாளியை ஏற்ற வாகனம் வாசலுக்கு வருவதும் வேண்டியதே. ஆனால் ஒழுங்கை வளவைவிட உயர்ந்துவிட்டால், வெள்ளம் எங்கே போகும்? வீட்டுக்குள்தான் வரும். 2008 நவம்பரில் 'நிஷா' புயல் மழை குடாநாட்டை மூழ்கடித்தபோது, வெள்ளம் வடிய வழி எவ்வளவு அவசியம் என்பதைக் கண்டோம். வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் அடுப்பை மேலே தூக்கி வைப்பவளும், கலங்கிய கிணற்றைப் பார்த்துக் கவலைப்படுபவளும் பெண்தானே!

ஆகவே சகோதரிகளே, மதில் கட்டும்போது அடியில் நீர் போகத் துவாரம் விடச் சொல்லுங்கள். ஒழுங்கை திருத்தும் பேச்சு வந்தால், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "மட்டம் எவ்வளவு? வெள்ளம் எந்தப் பக்கம் ஓடும்?" என்று கேளுங்கள். பழைய மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, முன்பிருந்த தாழ்விலேயே கொங்கிறீற்று இடவும் முடியும்.

வீட்டு உறுதியை ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள். அதிலுள்ள வழிவாய்க்கால் உரிமை உங்கள் பெண்பிள்ளைக்கும் போய்ச் சேர வேண்டிய சொத்து.