தீ அணைந்த பின் யாருடைய பெயர் பட்டியலில் ஏறுகிறது?

2025 ஜனவரி 7 அன்று மாலை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் மூண்ட ஈட்டன் காட்டுத்தீ, மலையடிவார ஊரான ஆல்டடீனாவில் 19 உயிர்களைப் பறித்தது. 9,400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. மாண்டவர்களில் ஏறத்தாழ அனைவரும் லேக் அவென்யூ சாலைக்கு மேற்கே வாழ்ந்தவர்கள். அப்பகுதிக்கு வெளியேறும் உத்தரவு, தீ மூண்டு பல மணி நேரம் கழித்தே பிறப்பிக்கப்பட்டது.

மேற்குப் பகுதியில் வாழ்ந்தோர் யார்? 1930களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பு வண்ணமிட்டு, அங்கு வீட்டுக்கடன் தருவது ஆபத்து என வரைபடங்கள் தயாரிக்கப்பட்டன. பிற இடங்களில் வீடு மறுக்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் 1960கள் முதல் இங்கு வீடு வாங்கிக் குடியேறின. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக ஆய்வின்படி, ஆல்டடீனாவின் கறுப்பினக் குடும்பங்களில் 48 விழுக்காடு வீடுகள் அழிந்தன அல்லது கடுமையாகச் சேதமுற்றன. ஏனையோரில் இது 37 விழுக்காடு. தீ வேறுபாடு பார்ப்பதில்லை என்னும் வாதத்திற்கு இவ்விரு எண்களே மறுமொழி.

கொடை குறையவில்லை. ஜனவரி 30 அன்று நடந்த 'ஃபயர்எய்ட்' இசை நிகழ்ச்சி மட்டும் சுமார் 10 கோடி டாலர் திரட்டியது. அத்தொகை தொண்டு நிறுவனங்கள் வழியே சென்றது. வீடிழந்தோர் பலர் தம் கைக்கு ஏதும் வரவில்லையே எனக் குமுறினர். அக்கேள்வியை நியாயமானதாகவே கருதுகிறோம். எனினும் அமைப்புகள் வழியே செல்லும் பணமெல்லாம் வீண் என்பதும் சரியன்று. ஆவணமற்ற புலம்பெயர்ந்தோருக்குக் கூட்டரசின் பண உதவி கிடையாது. அவர்களுள் தோட்டவேலையும் வீட்டுவேலையும் செய்தோர், வேலை பார்த்த வீடுகள் எரிந்ததால் பிழைப்பை இழந்தனர். அவர்களுக்கு உதவியது, அருகிலுள்ள பாசடீனாவில் தினக்கூலிகளுக்கென இயங்கிவரும் மையம் போன்ற எளிய அமைப்புகளே. முதல் நாள்களில் தெருக்களின் சிதைவுகளை அகற்றியவர்களும் அத்தினக்கூலிகள்தாம்.

நேரடிப் பணத்திற்கும் முன்மாதிரி உண்டு. 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா நகர் எரிந்தபோது, ஓப்ரா வின்ஃப்ரேயும் டுவெய்ன் ஜான்சனும் தொடங்கிய மாவி மக்கள் நிதி, வசிப்பிடம் இழந்த வயதுவந்தோர் ஒவ்வொருவருக்கும் மாதம் 1,200 டாலர் வழங்கியது. இதில் நாம் முதன்மையாகக் கருதுவது தொகையை அன்று. சொந்த வீடா, வாடகை வீடா எனப் பாராமல் அங்கு வாழ்ந்தவர் என்பதையே தகுதியாகக் கொண்டதை. இதற்கு நேர்மாறானது தனிநபர் இணைய நிதி திரட்டல். 2021 டிசம்பரில் கொலராடோவில் ஏற்பட்ட மார்ஷல் தீயை ஆராய்ந்தவர்கள், ஆண்டு வருமானம் 1,50,000 டாலருக்கு மேற்பட்டோர் 75,000 டாலருக்குக் கீழ்ப்பட்டோரைவிட 28 விழுக்காடு கூடுதலாகப் பெற்றதைக் கண்டனர். வசதியுள்ள நண்பர்கள் இருப்போர்க்கே வசதியான உதவி!

இக்கதை நமக்குப் புதிதன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் கடலோரத்தில் நிவாரணம் இழந்த படகுகளையும் வலைகளையும் கணக்கிட்டது. உப்பேறிய வயல்களில் கூலிவேலை இழந்த தலித் குடும்பங்களிடம் இழந்ததாகக் காட்டப் படகு இல்லை. பட்டியலிலும் பலர் இல்லை. உடைமையை அளவுகோலாக்கும் உதவி, முன்பே உடைமை மறுக்கப்பட்டோரை மீண்டும் ஒருமுறை விலக்குகிறது.

ஆல்டடீனாவில் அடுத்த போராட்டம் நிலத்திற்கானது. கறுப்பின வீட்டு உரிமையாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். காப்பீட்டுத் தொகை கட்டுமானச் செலவுக்குப் போதாத நிலையில் மனையை விற்கும் நெருக்கடி அவர்களைச் சூழ்கிறது. 'ஆல்டடீனா விற்பனைக்கல்ல' என்னும் பலகைகள் நடப்பட்ட பின்னும் கணிசமான மனைகள் முதலீட்டு நிறுவனங்களின் கைக்குச் சென்றன. கிரீன்லைன் வீட்டு அறக்கட்டளை கொடைப் பணத்தில் மனைகளை வாங்கி, ஊர்க் குடும்பங்களுக்கென ஒதுக்க முயல்கிறது. இவ்வேலைக்கு ஆண்டுகள் பிடிக்கும். கொடையோ பெரும்பாலும் தொலைக்காட்சியில் புகை தெரியும் வாரங்களிலேயே குவிகிறது. முதலீட்டாளரின் காசோலை அதற்குப் பின்னரும் வந்துகொண்டே இருக்கிறது.