டர்போ காருக்கு ஏர் ஃபில்டர் எதற்கு?

சிங்கப்பூரின் காக்கி புக்கிட், சின் மிங் பட்டறைகளில் பழைய காரை வாங்கிப் பிரித்து, பார்த்துப் பார்த்துச் சேர்க்கும் இளைஞர்களிடையே ஒரு வாதம் ஓய்வதில்லை. எஞ்சின் தயார், டர்போ ஏறிவிட்டது, அதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியும் வாங்கியாகிவிட்டது. கடைசியில் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. டர்போவின் வாயில் ஏர் ஃபில்டர் மாட்டுவதா, திறந்தே விடுவதா? "ஃபில்டர் போட்டா காத்து தடைபடும்ணே, பவர் போயிடும்" என்கிறது ஒரு கட்சி. சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் தெளிவாகக் கிடைக்கிறது.

எவ்வளவு காற்று, அதில் என்ன?

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 11 கிலோ காற்று வேண்டும். பருமனில் அது 9,000 லிட்டருக்கும் அதிகம். 2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழலும்போது விநாடிக்குச் சுமார் 100 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கும். டர்போ ஒரு பார் அழுத்தம் கூட்டிக் கொடுத்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

"சிங்கப்பூரில்தான் அடிக்கடி மழை பெய்து கழுவிவிடுகிறதே, தூசி எங்கே இருக்கிறது?" என்று கேட்கலாம். கட்டுமானப் பணி ஓயாத ஊர் இது. லிட்டில் இந்தியாவை ஒட்டிய கம்போங் ஜாவா பக்கம் வடக்கு-தெற்கு இணைப்புச் சாலைக்காகப் பல ஆண்டுகளாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். மண்ணும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் விரைவுச்சாலைகளில் ஓடியபடி இருக்கின்றன. மண் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருக்கும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7; அலுமினியத்துக்கு 3 கூட இல்லை. டர்போவின் காற்றமுக்கிச் சக்கரம் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது.

அந்தச் சக்கரத்தின் வேகத்தையும் பார்க்க வேண்டும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1,50,000 சுற்று சுழன்றால், அதன் விளிம்பு விநாடிக்கு 390 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. காற்றில் ஒலி செல்லும் வேகமே விநாடிக்குச் சுமார் 350 மீட்டர்தான். ஃபில்டர் இல்லாமல் நெடுநாள் ஓடிய டர்போவைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் சேதம் கண்ணுக்கே தெரியும். கத்தி முனைபோல் நேராக இருக்க வேண்டிய இறகுகளின் முன்விளிம்பு மழுங்கி, பொடிப்பொடியாகக் குழி விழுந்து, மினுமினுப்புப் போய் வெளிறிக் கிடக்கும். விளிம்பு தேய்ந்த சக்கரம் அதே அழுத்தத்தைத் தர முன்னைவிட வேகமாகச் சுழல வேண்டும். பவருக்காக ஃபில்டரைக் கழற்றியவர் பவரையே மெல்ல மெல்ல இழக்கிறார்.

துகள் அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரைத் தாண்டி சிலிண்டருக்குள் போகிறது. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான். 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள துகள்கள் அதற்குள் புகுந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் இரு பக்கமும் அராவிவிடும். கம்ப்ரஷன் குறையும், எண்ணெய் எரியும், புகை நீலமாகும்.

இறகுகள் சுழன்று காற்றை அமுக்கும் எந்திரத்துக்குத் துகள் என்ன செய்யும் என்பதை நம் வட்டாரமே பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 1982 ஜூன் 24 அன்று ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. முன்கண்ணாடி மங்கும் அளவுக்குச் சாம்பல் அதை அராவியிருந்தது. அடுத்த மாதமே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றும் அதே எரிமலையின் சாம்பலில் சிக்கியது. சாம்பல் உருகி உள்ளே ஒட்டிக்கொண்டதுதான் அங்கே முக்கியக் காரணம் என்றாலும், இறகுகளை அது அரித்ததும் உண்மை.

3 டிகிரியும் 37 டிகிரியும்

இப்போது தடைக்கு வருவோம். அளவாகத் தேர்ந்தெடுத்த சுத்தமான ஃபில்டர், முழு வேகத்தில் சுமார் 2 கிலோபாஸ்கல் அழுத்தத்தைத் தின்னும் என்று வைத்துக்கொள்வோம். வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஆக இழப்பு 2 சதவீதம். டர்போ இல்லாத எஞ்சினில் அது அப்படியே பவரில் குறையும். டர்போவில், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான வேஸ்ட்கேட் சற்றே மூடிக்கொள்ள, சக்கரம் கொஞ்சம் வேகம் கூட்டி, குறித்த அழுத்தத்தை எட்டிவிடும். அமுக்க விகிதம் 2.00 என்பது 2.04 ஆகும், அவ்வளவுதான். காற்றமுக்கியின் திறன் 70 சதவீதம் என்று கொண்டால், 32 டிகிரியில் நுழையும் காற்று ஃபில்டர் இல்லாமல் 127 டிகிரியில் வெளியேறும். ஃபில்டரோடு 130 டிகிரியில். தடைக்குக் கொடுக்கும் விலை 3 டிகிரி.

அதே ஃபில்டரை மறைப்பு ஏதுமின்றி எஞ்சின் பக்கத்திலேயே மாட்டி, மாலை நெரிசலில் சிராங்கூன் சாலையில் ஊர்ந்தால் நிலைமை வேறு. பானட்டுக்குள் காற்று 60 டிகிரி என்று கொள்ளுங்கள். உள்ளே வரும் காற்றின் அடர்த்தி அங்கேயே 8 சதவீதம் குறைந்துவிடும். அமுக்கி வெளியே விடும்போது அது சுமார் 167 டிகிரி, அதாவது 37 டிகிரி கூடுதல். இண்டர்கூலர் திணறும், எரிபொருள் நேரம் தவறி வெடித்து எஞ்சின் நாக் அடிக்கும், கம்ப்யூட்டர் பற்றவைப்பு நேரத்தைப் பின்தள்ளி பவரைக் குறைக்கும். ஆண்டு முழுதும் வெக்கை குறையாத நம் ஊரில் பவரைப் பெரிதாகத் தின்பது வெப்பம்தான். ஃபில்டரைக் கழற்றுவதில் செலவிடும் யோசனையை, அதை எங்கே வைப்பது, எஞ்சின் சூட்டிலிருந்து எப்படி மறைப்பது என்பதில் செலவிட்டால் பலன் பல மடங்கு.

குளிர்ந்த காற்று வேண்டும் என்று பம்பருக்கு அடியில், தரையோடு தரையாக வைப்பதிலும் ஆபத்து உண்டு. 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் சாலையே வெள்ளத்தில் மூழ்கியது. திடீர் வெள்ளம் இங்கே புதிதல்ல. நீரை அமுக்க முடியாது. 500 சிசி சிலிண்டரில், கம்ப்ரஷன் விகிதம் 9 என்றால், பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் 60 மில்லிலிட்டர் சொச்சம்தான். அதைவிட அதிகமாக நீர் புகுந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

எந்த ஃபில்டர், எப்படிப் பராமரிப்பது?

பெரிய மடிப்புப் பரப்புள்ள காகித ஃபில்டரே தெருவில் ஓடும் காருக்குப் போதும். எண்ணெய் தடவிய பஞ்சுத்துணி வகையைப் போட்டால் எண்ணெயை அளந்து தடவ வேண்டும். அதிகமானால் காற்றளவு உணரியின் சூடான கம்பியில் படிந்து தவறான அளவு காட்டும். ஃபில்டரை அடிக்கடி தட்டித் துடைப்பதும் நல்லதல்ல. முதலில் படியும் மெல்லிய தூசியே இழைகளுக்கு இடையிலுள்ள துளைகளைச் சிறிதாக்கி, அடுத்து வருவதை இன்னும் நன்றாகத் தடுக்கிறது. அதற்காக அடைத்துப்போகும்வரை விடவும் கூடாது. உறிஞ்சல் மிகுந்தால் டர்போ அச்சின் சீலைத் தாண்டி எண்ணெயே உள்ளே வந்துவிடும்.

2013 ஜூன் 21 அன்று காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டதே, அதுபோன்ற புகைமூட்டம் வந்தால்? அந்தத் துகள்கள் மிக நுண்ணியவை. எஞ்சின் ஃபில்டர் எல்லாவற்றையும் பிடிக்காது. ஆனால் அவை குவார்ட்ஸ்போல் கடினமானவை அல்ல. மூட்டம் விலகியதும் ஃபில்டரைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஃபில்டர் இல்லாமல் ஓடும் பந்தயக் கார்கள் உண்டு. சில ஓட்டங்களுக்கு ஒருமுறை எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு அது சரிப்படும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழ் 1,50,000 வெள்ளியைத் தாண்டிய ஊரில், தினமும் ஓட்டும் காருக்குச் சரிப்படாது. ஃபில்டரைப் போடுங்கள்; பெரிதாக, சூடுபடாத, நீர் எட்டாத இடத்தில் போடுங்கள். மாட்டிய சில வாரங்களில் குழாயைக் கழற்றி, ஃபில்டருக்குப் பிந்தைய உட்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் தூசி ஒட்டினால் முதலில் இணைப்பையும் கிளாம்ப்பையும் சரிபாருங்கள். எவ்வளவு நல்ல ஃபில்டரானாலும், பக்கவாட்டில் ஒரு சிறு இடைவெளி இருந்தால் எஞ்சினுக்கு அது ஃபில்டர் இல்லாததற்குச் சமம்.